வைக்கோலின் பெறுமதி: செம்மறித் தீவனமும் அதனை அளந்த அளவுகோல்களும்

1. தோற்றுவாய்

தானியங்களின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. கோதுமையும் பார்லியும் நெல்லும் எங்குத் தோன்றின, எவ்வாறு பரவின, அவற்றின் மிகை விளைவைக் கொண்டு அரசுகளும் நகரங்களும் எவ்வாறு எழுந்தன என்பன பற்றி நூல்கள் பல உள. அதே பயிரின் மற்றொரு பாதியாகிய வைக்கோல் பற்றிய வரலாறு பெரிதும் கவனிக்கப்படவில்லை. கதிர் களஞ்சியத்துக்கும் அங்கிருந்து சந்தைக்கும் வரிக்கணக்குக்கும் சென்றது. தாள் பட்டிக்குச் சென்றது. எழுத்தறிந்தோர் கணக்கில் இடம்பெற்றது கதிரே ஆதலின், வரலாற்றாசிரியரும் அதன் பின்னேயே சென்றனர்.

வைக்கோல் ஒரு தீவனம் என்ற வகையில் எத்தகைய பெறுமதி உடையது என்ற வினா, முதல் நோக்கில் விலங்குப் போசணை விஞ்ஞானத்துக்கு மட்டுமே உரியதாகத் தோன்றலாம். ஆய்வுகூடத்திற் பகுத்து எண்ணொன்றைப் பெற்றுவிட்டால் வினா தீர்ந்தது என்று கருதவும் இடமுண்டு. எனினும், கடந்த இருநூறு ஆண்டுகளில் அந்த எண் பலமுறை மாறியுள்ளது. வைக்கோலின் இயல்பு அவ்வளவுக்கு மாறிவிடவில்லை. அதனை அளந்த அளவுகோலே மாறியது. அளவுகோல் ஏன் மாறியது, யாருடைய தேவைக்காக மாறியது என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் விடயங்களாகும். இவ்வளவுகோல்கள் பலவற்றுக்கும் பரிசோதனை விலங்காக அமைந்தது செம்மறி ஆடு. ஆகவே செம்மறியையும் வைக்கோலையும் இணைத்தே நோக்குதல் பொருத்தமாகும்.

2. வைக்கோலின் இயல்பு

வரலாற்றினுட் புகுமுன் பொருளின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் அவசியம். தானியப் பயிர் முதிரும்போது இலையிலும் தாளிலும் இருந்த வெல்லம், புரதம் ஆகியவற்றின் பெரும்பகுதி மணிக்கு இடம்பெயர்கின்றது. எஞ்சுவது பெரும்பாலும் கலச்சுவரே. வைக்கோலின் உலர்பொருளில் ஏறத்தாழ முக்காற்பங்கு கலச்சுவர் எனக் கொள்ளலாம். கலச்சுவரின் முதன்மைக் கூறுகளாகிய செலுலோசும் எமிசெலுலோசும் வெல்ல மூலக்கூறுகளின் நீண்ட தொடர்களே. வேதியியல் நோக்கில் அவை மாப்பொருளின் உறவினம். அவ்வுறவைப் பயன்படவிடாது தடுப்பது இலிக்னின். சுவரிற் கற்களைப் பிணைக்கும் சாந்து போன்று, அது வெல்லத் தொடர்களைப் பிணைத்து நிற்கின்றது.

மனிதனாலும் பன்றியாலும் கோழியாலும் செலுலோசைத் தம் சமிபாட்டு நீர்களாற் கரைக்க இயலாது. செம்மறியாலும் இயலாது. ஆனால் செம்மறியின் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணங்கிகளால் அது இயலும். அந்நுண்ணங்கிகள் செலுலோசை நொதிக்கச் செய்து விளைவிக்கும் கொழுப்பமிலங்களே ஆட்டின் எரிபொருள். நுண்ணங்கிகளுக்கோ நைதரசன் வேண்டும். தீவனத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் பண்படாப் புரதமாவது இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. கோதுமை, பார்லி, ஓற்ஸ் ஆகியவற்றின் வைக்கோலிற் காணப்படுவது 3 அல்லது 4 சதவீதமே. ஆதலின் வைக்கோலை மட்டும் உண்ணும் செம்மறி இருவகையிற் பட்டினி கிடக்கின்றது. நுண்ணங்கிகள் பெருகாமையால் உண்டது மெல்லவே கரைகின்றது. உண்டது கரையாமையால் இரைப்பை நிறைந்து நிற்க, மேலும் உண்ண இடமில்லாது போகின்றது. வயிறு நிறைந்திருக்கவே உடல் மெலிகின்றது.

தானியத்துக்குத் தானியம் வேறுபாடும் உண்டு. ஓற்ஸ், பார்லி ஆகியவற்றின் வைக்கோல் கோதுமை வைக்கோலிலும் மேலானது. றை எனப்படும் தானியத்தின் வைக்கோல் இவற்றினும் கீழானது. இவற்றில் இலை தாளிலும் எளிதாகச் சமிபாடடையும். நெல்லிலோ இலிக்னின் குறைவு, சிலிக்கா மிகுதி. அங்கே இலையினும் தாளே மேலானதாயிருப்பது வழக்கம்.

3. வைக்கோலை உலர்புல்லால் அளந்த காலம்

தீவனங்களை ஒரே அளவுகோலால் ஒப்பிட்டு நோக்கும் முயற்சி, ஐரோப்பாவில் அல்பிரெக்ட் தேயர் (1752–1828) என்பாருடன் முக்கியத்துவம் பெறுகின்றது. பிரசியாவின் மொக்லின் என்னுமிடத்தில் விவசாயக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவிய இவர், 1809 தொடக்கம் 1812 வரை வெளிவந்த தமது பெருநூலிற் பகுத்தறிவு சார்ந்த விவசாயத்தின் கோட்பாடுகளை வகுத்தார். நல்ல புல்வெளி உலர்புல் 100 இறாத்தலுக்கு ஈடாக வேறொரு தீவனம் எத்தனை இறாத்தல் வேண்டும் என்பதே அவர் கையாண்ட அளவுகோல். அவருடன் பணியாற்றிய வேதியியலாளர் ஐன்கொவ், தீவனங்களை நீரிலும் பிற கரைப்பான்களிலும் இட்டுக் கரைவனவற்றைப் போசணைப் பொருள்களாகக் கணித்தார். கரையாத நாரோ பயனற்றதாகக் கொள்ளப்பட்டது. வைக்கோலுக்குக் கிடைத்த எண்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் பெரிதும் வேறுபட்டன.

இவ்வளவுகோல் எழுந்த சமூகச் சூழலை நோக்குதல் வேண்டும். தேயர் வாழ்ந்த பிரசியா பெருநிலப் பண்ணைகளின் நாடு. ஸ்பானியாவிலிருந்து 1765 இல் சக்சனிக்குக் கொண்டுவரப்பட்ட மெரினோச் செம்மறிகளின் வழிவந்த மந்தைகள் அப்பண்ணைகளிற் பெருகின. இங்கிலாந்தின் நெசவாலைகள் நுண்ணிய கம்பளியைக் கேட்டு நின்றன. தேயர்தாமும் மெரினோ வளர்ப்பிற் புகழ்பெற்றவர். கம்பளிக்காக வளர்க்கப்படும் முதிர்ந்த காயடித்த ஆடு கொழுக்கவேண்டியதில்லை. குளிர்காலத்தை உயிரோடு கடந்து, வசந்தத்தில் மயிர் தந்தாற் போதுமானது. பண்ணையில் விளைந்த வைக்கோலுடன் சிறிது உலர்புல்லும் இருந்தால் அத்தேவை நிறைவேறும். விலைக்குத் தீவனம் வாங்காத பண்ணையில், உள்ளூரில் விளையும் உலர்புல்லே அளவுகோலாயிருந்தமை இயல்பே. அளந்தவர்க்கு வேண்டியிருந்தது, குளிர்காலத்துக்கு எத்தனை ஆடுகளை வைத்திருக்கலாம் என்ற கணக்கே.

4. வேண்டேயும் செம்மறியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியில் விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றலாயின. லைப்சிக் அருகே மொக்கேர்னில் ஒன்று 1850களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. கோட்டிங்கன் அருகே வேண்டேயில் மற்றொன்று 1857 இற் பணியாற்றத் தொடங்கியது. வேண்டேயில் ஹெனபேர்க், ஸ்டோமன் ஆகிய இருவரும் 1860களில் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு திருப்பத்தைக் குறிப்பன. உண்ட தீவனத்தையும் வெளியேறிய சாணத்தையும் நிறுத்துப் பகுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைச் சமிபாடடைந்த பொருளாக அவர்கள் கணித்தனர். முந்தியோர் பயனற்றதென ஒதுக்கிய நாரிற் கணிசமான பகுதி, அசைபோடும் விலங்கின் உடலுட் கரைந்துவிடுகின்றது என்பது இதனால் உறுதியாயிற்று. தீவனத்தைச் சாம்பல், புரதம், கொழுப்பு, நார், எஞ்சியவை எனப் பகுக்கும் முறை இன்றும் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றது.

ஹோஹன்ஹைமில் எமில் வோல்வ் என்பார் 1864 முதல் தீவன அட்டவணைகளை வெளியிட்டார். அங்கு நிகழ்ந்த சமிபாட்டுப் பரிசோதனைகள் பலவும் செம்மறியைக் கொண்டே நடைபெற்றன. இத்தெரிவுக்குக் காரணங்கள் வெளிப்படை. செம்மறி சிறியது, சாதுவானது, குறைந்த தீவனத்துடன் நீண்ட நாள் ஒரே இடத்தில் நிற்கக்கூடியது. காயடித்த கடாவின் உடலிற் பையொன்றைப் பிணைத்துவிட்டாற் சாணத்தைச் சிறுநீர் கலவாது சேகரிக்கலாம். எருதுக்கெனக் கூறப்பட்ட சமிபாட்டு எண்கள் பலவும் செம்மறியிடமிருந்து பெறப்பட்டவையே.

நார் எவ்வாறு கரைகின்றது என்பதை 1880களில் தப்பைனர் தெளிவாக்கினார். இரைப்பையில் நிகழ்வது நுண்ணங்கிகளால் ஆகும் நொதித்தலே என்றும், அதனாற் கொழுப்பமிலங்களும் மெதேன் வாயுவும் தோன்றுகின்றன என்றும் அவர் காட்டினார். புரதமல்லாத நைதரசனையும் அந்நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடும் என்ற கருத்தை 1891 இல் சுண்ட்ஸ் முதலியோர் முன்வைத்தனர். யூரியாவைத் தீவனத்திற் கலக்கும் பிற்கால நடைமுறையின் வித்து இதுவே எனலாம்.

5. மாப்பொருள் என்னும் அளவுகோல்

சமிபாடடைந்ததெல்லாம் ஒரே பயனைத் தருமா என்ற வினாவை எழுப்பி விடை கண்டவர் ஒஸ்கார் கெல்னர் (1851–1911). இவர் 1881 முதல் பத்தாண்டுக்கு மேல் ஜப்பானில் விவசாய வேதியியற் பேராசிரியராக இருந்து, நெல்லும் வைக்கோலும் நிறைந்த நாட்டை நன்கறிந்தவர். 1893 இல் மொக்கேர்ன் நிலையத்தின் தலைமையை ஏற்றார். முதிர்ந்த எருதுகளைச் சுவாச அறையில் நிறுத்தி, அவை உட்கொள்ளும் காபனையும் வெளிவிடும் காபனையும் கணக்கிட்டு, உடலிற் படியும் கொழுப்பை அளந்தார். சமிபாடடைந்த தூய மாப்பொருள் 1 கிலோ 248 கிராம் கொழுப்பைத் தந்தது. ஏனைய தீவனங்கள் யாவும் இத்துடன் ஒப்பிடப்பட்டன. 1905 இல் வெளிவந்த அவரது நூல் இவ்வளவுகோலை உலகெங்கும் பரப்பியது.

வைக்கோலுக்கு இவ்வளவுகோல் பெரும் வீழ்ச்சியைக் கொண்டுவந்தது. பார்லி மணி 100 கிலோவுக்கு ஏறத்தாழ 70 கிலோ மாப்பொருட் பெறுமதி கிடைக்க, கோதுமை வைக்கோல் 100 கிலோவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 11 கிலோவே. கரைந்ததிற் பெரும்பகுதியும் மெல்லுவதிலும் அசைபோடுவதிலும் வெப்பமாகச் செலவாகிவிடுகின்றது என்பது அவர் தந்த விளக்கம். இதிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. காரத்துடன் கொதிக்கவைத்துக் கூழாக்கப்பட்ட வைக்கோலைக் கொடுத்தபோது, அதிற் சமிபாடடைந்த பொருள் மாப்பொருளுக்கு நிகரான கொழுப்பைத் தந்தது. வைக்கோலின் வறுமை அதன் செலுலோசில் இல்லை. செலுலோசைப் பூட்டியிருந்த பூட்டிலேயே இருந்தது என்பது இதனாற் புலனாயிற்று.

இனி, கொழுப்பு ஏன் அளவுகோலாயிற்று எனக் கேட்டல் தகும். தேயர் காலத்துக் கம்பளிப் பொருளாதாரம் கெல்னர் காலத்திற் சரிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்த மலிவான கம்பளி ஐரோப்பியச் சந்தையை நிறைத்தது. ஜேர்மனியில் 1873 இல் ஏறத்தாழ இரண்டரைக் கோடியாயிருந்த செம்மறிகளின் தொகை, 1913 இல் ஏறத்தாழ 55 இலட்சமாகக் குறைந்தது. அதே காலத்திற் கைத்தொழில் நகரங்கள் பெருகி இறைச்சியையும் பாலையும் வேண்டின. கடல்கடந்து வந்த பார்லியும் சோளமும் பிண்ணாக்கும் பண்ணைக்குள் நுழைந்தன. விலைக்கு வாங்கும் தீவனம் எவ்வளவு விற்பனைப் பொருளாக மாறும் என்பதே பண்ணையாளரின் கேள்வியாயிற்று. உயிரைக் காப்பதற்கு வைக்கோல் தரும் பயன் இக்கேள்விக்கு வெளியே நின்றது. கெல்னரின் எண்கள் பிழையானவை என்பது எமது கருத்தன்று. கொழுப்பைப் பற்றிக் கேட்ட வினாவுக்கு அவை நேர்மையான விடைகள். அவ்வினாவே வைக்கோலின் முழுப் பெறுமதியும் எனக் கொள்ளப்பட்டதிற்றான் தவறு நேர்ந்தது.

6. போர்க்காலமும் எரிசோடாவும்

1914 இல் மூண்ட முதலாம் உலக யுத்தம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜேர்மனிக்கு வெளிநாட்டுத் தீவனம் வருவது நின்றது. மனிதருக்குரிய உணவுக்குப் பன்றிகள் போட்டியாயின என்று கருதி, 1915 இல் இலட்சக்கணக்கான பன்றிகள் வெட்டப்பட்டன. மனிதன் உண்ணாததை உண்டு இறைச்சியும் பாலும் தரவல்ல அசைபோடும் விலங்கின் சிறப்பு அப்போது மீண்டும் உணரப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அற்பமென மதிக்கப்பட்ட வைக்கோல் நாட்டின் தீவன வளமாயிற்று.

வைக்கோலைக் காரத்துடன் அழுத்தத்தின்கீழ்க் கொதிக்கவைக்கும் முறை போருக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. அதற்கு எரிபொருளும் கொதிகலனும் வேண்டும். பேர்ளின் டாலமில் இருந்த கைசர் வில்லெம் வேதியியல் நிறுவனத்தின் முதற் பணிப்பாளரான ஏர்ன்ஸ்ட் பெக்மன், கொதிக்கவைக்காமலே இது நிகழும் எனக் காட்டினார். ஏறத்தாழ 1.5 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில், வைக்கோலின் எடையைப்போல் எட்டு மடங்கு அளவில், குளிர்ந்த நிலையில் ஊறவைத்துப் பின் நீரால் நன்கு கழுவுதலே அவரது முறை. றை வைக்கோலின் சேதனப் பொருட் சமிபாடு ஏறத்தாழ 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை உயர்ந்தது. நடுத்தர உலர்புல்லிலும் இது மேலான நிலை.

பெக்மன் முறைக்குக் குறைகளும் இருந்தன. கழுவும்போது உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்கு அளவு நீரோடு போய்விடும். பெருந்தொகை நீர் செலவாகும். காரம் கலந்த கழிவு ஓடைகளை நஞ்சாக்கும். 1919 இன் பின் தீவன இறக்குமதி மீண்டும் தொடங்கியதும் ஜேர்மனியில் ஆர்வம் தணிந்தது. புல் விளையும் காலம் குறுகிய நோர்வேயில் அம்முறை 1930களில் வேரூன்றி 1970கள் வரை நிலைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய அரசு, பண்ணைகளிற் தொட்டிகள் கட்டி வைக்கோலை எரிசோடாவில் ஊறவைக்குமாறு ஊக்குவித்தது. யுத்தம் முடிந்து தீவனம் கிடைக்கத் தொடங்கியதும் அத்தொட்டிகள் கைவிடப்பட்டன.

இதே கதை மூன்றாம் முறையும் நிகழ்ந்தது. கழுவத் தேவையில்லாத வகையிற் செறிந்த கரைசலைச் சிறிதளவு தெளிக்கும் உலர் முறையை 1964 இற் கனடாவில் வில்சன், பிக்டன் ஆகியோர் அறிமுகம் செய்தனர். 1972 இற் சோவியத் யூனியன் பெருந்தொகைத் தானியம் வாங்கியதாலும், 1973 இன் எண்ணெய் நெருக்கடியாலும் தானிய விலை உயர்ந்தது. டென்மார்க்கிலும் பிரித்தானியாவிலும் வைக்கோலைக் காரத்தாற் பதப்படுத்தும் ஆலைகள் எழுந்தன. நோர்வேயில் அமோனியா வாயுவைப் பொலிதீனால் மூடிய வைக்கோற் போரினுட் செலுத்தும் முறை வளர்ந்தது. வைக்கோல் ஒரு தொன்னுக்கு 30 கிலோ அளவிலான அமோனியா, சமிபாட்டுத்தன்மையை ஏறத்தாழப் பத்துப் புள்ளிகள் உயர்த்தியதோடு நைதரசனையும் ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. 1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் களஞ்சியங்களிற் பார்லி குவிந்தபோது, வைக்கோல் மறுபடியும் மதிப்பிழந்தது. இங்கிலாந்தின் வயல்களில் அது எரிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1993 இற் தடை வரும்வரை அவ்வழக்கம் நீடித்தது. பார்லியின் விலையே வைக்கோலின் போசணைப் பெறுமதியைத் தீர்மானித்தது என்று கூறின் அது மிகையாகாது.

7. ஆசியாவுக்கு வந்த தொழினுட்பம்

தானியத்தை விலங்குக்குக் கொடுக்கும் வசதி ஒருபோதும் இல்லாத நாடுகளில் நிலைமை வேறு. அங்கே வைக்கோல் ஆண்டுதோறும் வேண்டப்படும் அன்றாடத் தீவனம். வாயு அமோனியாவைக் கையாளும் கொள்கலன்களோ பாதைகளோ இல்லாத கிராமங்களுக்கு யூரியா ஒரு மாற்றாகத் தென்பட்டது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து மூடிவைத்தால், யூரியா சிதைந்து அமோனியா தோன்றும். பங்களாதேசத்தில் மைமன்சிங் பல்கலைக்கழகத்தினரும், இலங்கையிற் பேராதனையைச் சேர்ந்த ஜயசூரிய முதலியோரும் 1980 அளவில் இதனை ஆராய்ந்தனர். நெதர்லாந்தின் உதவியுடன் 1980களில் இலங்கையில் வைக்கோற் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று இயங்கியது. அதன் அறிக்கைகளின் தொகுப்பை 1989 இல் ஷீரே, இப்ராகிம் ஆகியோர் வெளியிட்டனர். சீனாவில் அரச ஆதரவுடன் 1990களில் இம்முறை பெருமளவிற் பரவி, மாட்டுக்கும் செம்மறிக்கும் தீவனமாயிற்று.

இலங்கையில் ஆய்வு முக்கியமாகப் பசுவையும் எருமையையும் பற்றியதே. செம்மறி இங்கு சிறுபான்மை. எனினும் அதன் படிப்பினை பொதுவானது. ஆய்வுநிலையத்தில் ஐயமின்றி வெற்றியளித்த முறை கமக்காரரிடையே பரவலாக நிலைகொள்ளவில்லை. இதனை ஷீரே பின்னர் 1995 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். வைக்கோல் மலிவாகவும் புல் அரிதாகவும் பாலுக்கு நல்ல விலையும் உள்ள இடத்திலேயே பதப்படுத்தல் பயன்தரும் என்பது அவ்வாய்வுகளின் சாரம். புல் கிடைக்கும் இடத்தில், பால் விற்க வழியற்ற இடத்தில், அது வீண் உழைப்பே. மேலும் யூரியா வெளியிலிருந்து வருவது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட மாதங்களில், நெல்லுக்கே யூரியா கிடைக்காதிருந்ததை நாம் அறிவோம். அந்நிலையில் வைக்கோலுக்கு அதனை எங்கிருந்து பெறுவது?

செம்மறியைக் கொண்டு செய்த வேறுவகை ஆய்வுகள் எளிமையான வழிகளையும் காட்டின. யூரியாவும் வெல்லப்பாகும் சேர்த்து வைக்கோல் உண்ணும் செம்மறிகளை அவுஸ்திரேலியாவிற் கூம்ப், டிரைப் ஆகியோர் ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டனர். நுண்ணங்கிக்குச் சிறிது நைதரசன் கிட்டினாலே ஆடு உண்ணும் அளவு உயரலாம் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. அகத்தி, கிளிசிறிடியா போன்றவற்றின் தழை அந்த நைதரசனை விலையின்றித் தரும். 1980களில் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் வேறொரு செய்தியைக் கூறின. உண்ணக்கூடியதிலும் மிகுதியாக வைக்கோலை முன்வைத்தால், ஆடுகள் இலையைப் பொறுக்கி உண்டு தடித்த தாளை ஒதுக்கிவிடும். உண்ட பகுதியின் தரம் வைக்கோலின் சராசரித் தரத்திலும் உயர்ந்தது. ஒதுக்கிய தாள் படுக்கைக்கும் எருவுக்கும் உதவும். சராசரி எண்ணை ஆய்வுகூடம் அளக்க, ஆடு தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துக்கொள்கின்றது.

8. சிரியாவின் பார்லியும் அவாசிச் செம்மறியும்

செம்மறியும் வைக்கோலும் நேருக்குநேர் சந்திக்கும் நிலம் மேற்காசியா. சிரியாவின் வறண்ட பகுதிகளில் ஆண்டுக்கு 300 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழையில் விளைவது பார்லியே. அதனை உண்டு வாழ்வது கொழுத்த வாலையுடைய அவாசி இனச் செம்மறி. பண்டுதொட்டுச் சூடடிக்கும்போது கற்பற்கள் பதித்த பலகையை இழுத்துத் தாளை நறுக்குவது அங்கு வழக்கம். அவ்வாறு நறுங்கிய வைக்கோலுக்குத் திப்ன் என்று தனிப்பெயரே உண்டு. மழை பொய்த்த ஆண்டில் கதிர் முற்றாமலே பயிர் முழுவதும் மேய்ச்சலுக்கு விடப்படும். அறுவடை முடிந்த வயல்களின் அடித்தாளை மேய்க்க, மேய்ச்சற் குடியினர் உழவருடன் ஒப்பந்தம் செய்துகொள்வர். ஆகவே அவ்வுழவனுக்குப் பார்லி என்பது மணியும் தாளும் சேர்ந்த ஒரே விளைவு.

பசுமைப் புரட்சியின் பயிர்விருத்தி இவ்விரண்டையும் பிரித்தது. பிலிப்பைன்சிலிருந்து 1966 இல் வெளியான ஐஆர் 8 நெற்பேதத்தை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பழைய உயர்ந்த பேதங்களில் பயிர் எடையில் மணியின் பங்கு 30 சதவீதம் அளவாயிருந்தது. புதிய குட்டைப் பேதங்களில் அது 50 சதவீதத்தை எட்டியது. பசியைப் போக்கிய அச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குட்டைப் பேதங்களின் வைக்கோலெல்லாம் தரங்குறைந்தது எனப் பொதுவிதி கூறுதலும் தவறு. சிலவற்றில் இலையின் பங்கு மிகுதி. ஆயினும் வைக்கோலின் அளவும் தரமும் பயிர்விருத்தியாளரின் குறிப்பேட்டில் இடம்பெறவில்லை என்பது உண்மை.

1977 இல் நிறுவப்பட்டு, சிரியப் போரால் இடம்பெயரும்வரை அலெப்போ அருகே டெல் ஹதியாவில் இயங்கிய வறண்டநில விவசாய ஆராய்ச்சிக்கான சர்வதேச நிலையம் (இக்கார்டா) இவ்விடைவெளியை உணர்ந்தது. 1980களில் அங்கு கப்பர் முதலியோர் பல பார்லிப் பேதங்களின் வைக்கோலை அவாசிச் செம்மறிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். பேதத்துக்குப் பேதம் தரம் கணிசமாக வேறுபட்டது. உயர்விளைச்சற் பேதங்கள் சிலவற்றின் வைக்கோலிலும் அறாபி அபியத் என்னும் உள்ளூர்ப் பேதத்தின் வைக்கோலைச் செம்மறிகள் கூடுதலாக உண்டன. புதிய பேதங்களை ஏற்கத் தயங்கிய உழவர் அறியாமையாற் தயங்கவில்லை என்பதற்கு இது சான்று.

1990களின் நடுப்பகுதியில் செக்கரெல்லி, கிராண்டோ ஆகியோர் அந்நிலையத்தில் உழவரையும் தெரிவுப் பணியில் இணைத்தனர். ஒரே வயலில் விஞ்ஞானியும் உழவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டனர். வறட்சியிலும் போதிய உயரம் வளர்தல், தாள் மென்மையாயிருத்தல் ஆகியவற்றை உழவர் தெரிவுக் குறிகளாகக் கொண்டனர். வறண்ட ஆண்டிற் குட்டையான பயிரை இயந்திரத்தால் அறுக்க இயலாது. கடினமான தாளை ஆடு விரும்பி உண்ணாது. விளைச்சலையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. உழவர் தெரிந்தவை விளைச்சலில் விஞ்ஞானி தெரிந்தவற்றுக்குப் பின்தங்கிவிடவும் இல்லை.

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான சான்றுண்டு. ஐதராபாத்தின் தீவனச் சந்தையில் விற்கப்பட்ட சோளத்தட்டையை 2000களில் ஆராய்ந்தபோது, சமிபாட்டுத்தன்மையில் ஐந்து புள்ளி மேலானதற்கு ஏறத்தாழக் காற்பங்கு கூடுதல் விலை கொடுக்கப்பட்டமை தெரியவந்தது. வாங்கியவரிடமும் விற்றவரிடமும் ஆய்வுகூடம் இல்லை. கண்ணாலும் கையாலும் நாவாலும் அவர்கள் மதிப்பிட்டது, ஆய்வுகூடத்தின் எண்ணுடன் பெரிதும் ஒத்திருந்தது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. தேயரின் உலர்புல், வேண்டேயின் சமிபாடு, கெல்னரின் மாப்பொருள், பெக்மனின் காரம் ஆகிய ஒவ்வொன்றும் வைக்கோலைப் பற்றிய அறிவை உண்மையாகவே முன்னெடுத்துச் சென்றன. அதே வேளை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின், ஒரு வர்க்கத்தின் வினாவுக்கு விடையாகவே எழுந்தது. கம்பளிப் பண்ணையாளருக்கு வேண்டியது குளிர்காலக் கணக்கு; இறைச்சிச் சந்தைக்கு வேண்டியது கொழுப்பு; முற்றுகையிடப்பட்ட அரசுக்கு வேண்டியது தானியத்துக்கு ஒரு பதிலி. பார்லி மலிந்தபோதெல்லாம் அவ்வினாக்கள் கைவிடப்பட்டன. வைக்கோலையே நம்பி ஆண்டு முழுவதும் மந்தை காப்பவனின் வினாவோ மிகப் பிந்தியே கேட்கப்பட்டது. ஒரே நிலத்தில் எனக்கும் என் ஆட்டுக்கும் எது போதும் என்பதே அவ்வினா.

இதனைப் பழமைப் போற்றுதலாகக் கொள்ளலாகாது. உழவனின் அனுபவ அறிவு கலச்சுவரின் அமைப்பைக் கண்டறிந்திராது. நுண்ணங்கியையும் நைதரசனையும் விளக்கியிராது. அதேபோன்று, உழவனைக் கேளாத ஆய்வுகூடம் எதனை அளக்கவேண்டும் என்பதை அறிந்திராது. வரண்ட வலயத்தில் நெல்லும் கால்நடையும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் எமது நாட்டில், புதிய நெற்பேதமொன்றை மதிப்பிடும்போது ஏக்கருக்கு எத்தனை புசல் என்பதோடு நின்றுவிடாது, அதன் வைக்கோலைக் கால்நடைகளின் முன் இட்டுப் பார்த்தலும் மதிப்பீட்டின் பகுதியாதல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; சில பட்டிகளும் ஒரு தராசும் கமக்காரரின் கருத்தைக் குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேடும் போதும். விளைவில் ஒரு பாதியை மட்டும் எண்ணும் விவசாய விஞ்ஞானம், மறுபாதியை நம்பி வாழ்வோரையும் எண்ணாது விட்டுவிடுகின்றது என்பதே எமது துணிபு.